"போலீசார் விசாரித்து வருகின்றனர்" - அதுக்கப்புறம் என்ன ஆச்சு, அதையும் போடுங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல அடிக்கடி ஒரே மாதிரி நியூஸ் ஒண்ணு வருது, நீங்களே கவனிச்சிருப்பீங்க. சுவர் இடிந்து கூலித் தொழிலாளி பலி, ஆலையில் இயந்திரத்தில் சிக்கி வாலிபர் கை துண்டானது, மின்சாரம் தாக்கி பெயிண்டர் சாவு. மிஞ்சிப் போனா பத்து வரி. செத்தவர் பேரு, வயசு, அவங்க அப்பா பேரு, எந்தத் தெரு, பொண்டாட்டி எத்தனை மாச கர்ப்பம் வரைக்கும் போட்டுடுறீங்க. ஆனா வேலை நடந்த இடம் மட்டும் "தனியாருக்குச் சொந்தமான அரிசி ஆலை", "பிரபல வணிக வளாகம்". கடைசி வரி மாறவே மாறாது, போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர். சரி, விசாரிச்சு என்ன ஆச்சு? ஓனருக்கு எவ்வளவு ஃபைன் போட்டாங்க, அந்த மெஷினுக்கு தடுப்பு மாட்டுனாங்களா, குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைச்சுதா, எதுவும் நான் படிச்ச ஞாபகம் இல்ல. இதுக்காகத்தான் இந்த லெட்டர், நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா பணக்கணக்கு வர்ற இடத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் சின்ன வயசுல சிங்கப்பூர் போயி கட்டட வேலை பார்த்தவன், பின்னாடி அங்கயே கோர்ஸ் முடிச்சு ஸேஃப்டி சூப்பர்வைசரா இருந்தேன். ஊரு திரும்புனதுல இருந்து காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ரிப்பேர் எடுத்து செய்றேன், அப்பப்ப மில்லுகளுக்கு ஷெட்டு வேலையும். அதனால உள்ள போயி பார்க்கிற வாய்ப்பு எனக்கு நிறைய.

ஒரு மில்லுல ஷெட்டு ஓடு மாத்திக்கிட்டு இருந்தோம், எந்த ஊருன்னு வேணாம். காலையில வந்தா மேனேஜர் ரூம்ல இருந்து ஒரு மூட்டையைத் தூக்கிட்டு வந்து பிரிக்கிறாங்க, உள்ள அம்புட்டும் மஞ்சக் கலர் ஹெல்மெட், பாலித்தீன் கவர் கூட கழட்டல, ஒண்ணு ரெண்டுல விலை ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. லோடுமேன் ஆளுங்களுக்கு தலைக்கு ஒண்ணு குடுத்தாச்சு. நெல்லை மேல ஏத்துற எலிவேட்டரோட குழிக்கு மேல இரும்புத் தகடு போட்டாச்சு, அது இம்புட்டு நாளும் கிரைண்டிங் பட்டறை ஓரமா கிடந்த தகடு. பெல்ட் ஓடுற பக்கம் வேலை பார்க்கிற ஒடிசா பசங்க ரெண்டு பேரை "நீங்க இன்னைக்கு ரூம்ல படுங்கடா"ன்னு அனுப்பியாச்சு, ஏன்னா ரிஜிஸ்டர்ல அவங்க பேரு இல்ல. மத்தியானம் இன்ஸ்பெக்ஷன் ஆபீசர் வந்தாரு, பார்த்தாரு, எழுதுனாரு, போயிட்டாரு. சாயங்காலம் ஹெல்மெட் திரும்ப மூட்டைக்குள்ள. தகடை எடுத்துட்டாங்க, ஏன்னு கேட்டா அது இருந்தா குழிக்குள்ள சிந்துற நெல்லை வார முடியலையாம்! வர்றது முன்கூட்டியே எப்படித் தெரியுதுன்னு நான் ஆராய்ச்சி பண்ண வரல, தெரியுது, அவ்வளவுதான்.

அந்தக் குழி விஷயம் சொல்லணும், தெரியாதவங்களுக்காக. நெல்லை கீழ கொட்டுனா சின்னச் சின்ன பக்கெட்டு மாட்டுன பெல்ட் அதை அள்ளிக்கிட்டு மேல போகும், கீழ்முனை தரைக்கு அடியில குழிக்குள்ள இருக்கும். அடைச்சுக்கிட்டா யாராவது உள்ள இறங்கி கையால தள்ளிவிடணும். மோட்டாரை நிப்பாட்டி, ஸ்விட்ச்சுக்கு பூட்டு போட்டு, சாவியை இறங்குறவன் இடுப்புல முடிஞ்சுக்கிட்டு இறங்கணும், இதுதான் முறை. நடக்கிறது என்னன்னா ஒருத்தன் இறங்குவான், இன்னொருத்தன் மேல நின்னு "ஓடுது ஓடுது பார்த்து"ன்னு கத்துவான். நிப்பாட்டி திரும்ப ஓட்டுனா அரவை தாமசமாகும்ல. தோள்ல துண்டு போட்டுக்கிட்டு இறங்குறவனும் உண்டு. 1948 ஃபேக்டரிஸ் ஆக்ட் 21-வது பிரிவுல மெஷின்ல ஓடுற பாகத்துக்கு தடுப்பு போட்டே ஆகணும்னு எழுதியிருந்துச்சு, எழுதி 75 வருஷத்துக்கு மேல ஆச்சு.

இப்ப அபராதம் எவ்வளவுன்னு பார்ப்போம். 2025 நவம்பர் வரைக்கும் இருந்த அந்த 1948 சட்டப்படி பாதுகாப்பு விதிய மீறுனா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ஒரு லட்சம் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். ஆள் செத்துப்போனா ஃபைன் 25,000 ரூபாய்க்கு குறையக் கூடாது, பலத்த காயம்னா 5,000-க்கு குறையக் கூடாதுன்னு இருந்துச்சு. இந்தத் தொகையெல்லாம் போபால் விஷவாயு விபத்து நடந்ததுக்கப்புறம் 1987-ல திருத்தி எழுதுனது, அன்னைக்கு ஒரு லட்சம்னா பெரிய காசு, இன்னைக்கு மில்லு வீட்டுக் கல்யாணத்துல பந்தல்காரருக்கு குடுக்கிற அட்வான்ஸ். இன்னொண்ணு, இன்ஸ்பெக்டருக்கு விஷயம் தெரிஞ்சதுல இருந்து மூணு மாசத்துக்குள்ள கோர்ட்டுல கம்ப்ளைன்ட் தாக்கல் பண்ணணும்னு அந்தச் சட்டத்துல இருந்துச்சு, விட்டா போச்சு. எத்தனை கேஸ் இப்படி போச்சுன்னு யாராவது கேட்டாத்தானே தெரியும்.

2025 நவம்பர் 21-ல இருந்து மத்திய அரசு நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பையும் அமல்னு அறிவிச்சாச்சு. அதுல பாதுகாப்புக்குன்னு ஒண்ணு, அந்த 1948 சட்டத்துக்கு பதிலா வந்தது. நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு, கட்சிக்காரங்க மாதிரி ஒரே பக்கமா பேச எனக்கு இஷ்டமில்ல. நல்லது என்னன்னா, விதிய மீறுனதால உயிர் போனா ஃபைன் 5 லட்சத்துக்கு குறையக் கூடாது, பலத்த காயம்னா 2 லட்சத்துல இருந்து 4 லட்சம், அந்த ஃபைன்ல பாதிக்கு குறையாம பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ குடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போடலாம். பழைய 25,000 எங்க, இது எங்க. கெட்டது என்னன்னா, முன்னாடி கரண்டுல ஓடுற இடத்துல 10 பேர் இருந்தாலே ஃபேக்டரி, இப்ப 20 பேர் இருக்கணும். கரண்டு இல்லாத இடத்துக்கு 20 பேர்ங்கிறது 40 ஆயிடுச்சு. புதுவயல், சாக்கோட்டை பக்கம் போயி மில்லு மில்லா எண்ணிப் பாருங்க, பதிமூணு பேரு பதினஞ்சு பேருன்னு ஓடுறதுதான் ஜாஸ்தி. முன்னாடி ரிஜிஸ்டர்ல ஒன்பது பேர் காட்டுனவருக்கு இப்ப பத்தொன்பது வரைக்கும் சவுகரியம். இன்ஸ்பெக்டருக்கு பேரும் இன்ஸ்பெக்டர்-கம்-ஃபெசிலிடேட்டர் ஆயிடுச்சு, அதாவது தப்பு கண்டுபிடிக்கிறவரே ஆலோசனையும் சொல்லுவாரு. சொல்லட்டும், நல்லதுதான், சின்ன மில்லுக்காரர் பல பேருக்கு என்ன மாட்டணும்னே தெரியாது.

அப்புறம் எந்த ஆபீஸு எதைப் பார்க்குதுங்கிற குழப்பம் வேற. ஃபேக்டரின்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், மில்லுல இருக்கிற பாய்லருக்கு வேற துறை, கடைன்னா தொழிலாளர் துறை, கல்குவாரின்னா மத்திய அரசோட சுரங்கப் பாதுகாப்பு ஆளுங்க. 2025 மே மாசம் நம்ம சிங்கம்புணரி பக்கம் மல்லாக்கோட்டை குவாரியில பாறை சரிஞ்சு ஆளுங்க செத்தாங்கல்ல, அன்னைக்கு டீக்கடையில நாங்க பேசிக்கிட்டதே இதுதான், இதை இதுக்கு முன்னாடி வந்து பார்த்திருக்க வேண்டியது யாருன்னு. ஆளுக்கு ஒரு ஆபீஸ் பேரு சொன்னாங்க. வேலைக்குப் போறவனுக்கு இது எப்படித் தெரியும்.

இதெல்லாம் கூட ஏதாவது ஒரு ஆபீஸுக்குள்ள அடங்குது. எந்த ஆபீஸுக்கும் அடங்காதது ஒண்ணு நம்ம ஊர்ல இருக்கு, வீடு பிரிக்கிற வேலை. பங்காளிங்க பாகம் பிரிச்சு, பராமரிக்க முடியாம, பர்மா தேக்குக்காகவும் கல் தூணுக்காகவும் பழைய வீட்டைப் பிரிச்சு விக்கிறது செட்டிநாடு பூரா நடக்குது, முனீஸ்வரன் கோயில் தெருவுல போயி பார்த்தா நிலை, கதவு, தூணு, சன்னல்னு குவிஞ்சு கிடக்கும். வாங்குறவருக்கு மரம்தான் காசு, செவுரு குப்பை. அதனால என்ன பண்றாங்க, வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, தூணையும் உத்தரத்தையும் முதல்ல உருவிடுறாங்க. உத்தரம் போச்சுன்னா அந்த உசர செவுருக்கு பிடிமானமே இல்ல, சுண்ணாம்புக் காரையில கட்டுனது, மழைத்தண்ணி இறங்கி ஊறிப்போய் சும்மா நிக்கும், அதுக்கு கீழயே நின்னு அடுத்த நிலையை கடப்பாறை போட்டு நெம்புவாங்க. முறைப்படி மேல இருந்து கீழ வரணும், ஓடு, சட்டம், அப்புறம் செவுரை மேல இருந்து வரிசை வரிசையா இறக்கணும், உத்தரத்தை எடுக்கணும்னா செவுருக்கு முட்டு குடுத்துட்டு எடுக்கணும். அதுக்கு பத்து நாள் கூடுதலா ஆகும், சாரம் கட்ட காசு ஆகும். மொத்தம் அஞ்சாறு பேரு செய்ற வேலை, கட்டடத் தொழிலாளர் சட்டத்துக்கு பத்து பேராவது வேணும், ஆக இன்ஸ்பெக்ஷனே கிடையாது. யார் முதலாளின்னு கேட்டாலும் கதை, வீட்டுக்காரரு சென்னையிலயோ மலேசியாவுலயோ இருப்பாரு, மரம் வாங்குனவரு "நான் மரம்தான் வாங்குனேன்"பாரு, மேஸ்திரி "நான் கூலிக்கு ஆள் விட்டேன்"பாரு. செவுரு விழுந்த அன்னைக்கு மேஸ்திரி மேல கேஸு. மத்த ரெண்டு பேரும் உங்க நியூஸ்ல "தனியாருக்குச் சொந்தமான பழமையான வீடு"ங்கிற வார்த்தைக்குப் பின்னாடி சுகமா உக்காந்துருப்பாங்க.

சிங்கப்பூர்ல மட்டும் எல்லாம் யோக்கியமான்னு கேட்பீங்க, இல்ல. 2022-ல மட்டும் 46 பேரு வேலையில செத்தாங்க, அரசாங்கமே பயந்து போயி அந்த செப்டம்பர்ல இருந்து அடுத்த மே வரைக்கும் தனி கெடுபிடி போட்டுச்சு. அதுக்கடுத்த வருஷம் 36. அங்க ஃபைன் பெரிசுதான், ஆனா எங்க கம்பெனிக்காரர் ஃபைனுக்கு பயந்து நான் பார்த்ததில்ல. பயந்தது ரெண்டுக்கு. ஒண்ணு டீமெரிட் பாயின்ட், அதாவது தப்பு பண்ணா கம்பெனி பேருல ஏறுற புள்ளி, ஒண்ணரை வருஷத்துக்குள்ள 25 சேர்ந்துட்டா வெளிநாட்டு ஆள் எடுக்க பெர்மிட் நிறுத்திடுவாங்க. இன்னொண்ணு, கம்பெனி பேரைப் போட்டா அது எத்தனை பாயின்ட் வாங்கியிருக்கு, எத்தனை ஆக்ஸிடென்ட்னு யாரு வேணும்னாலும் நெட்டுல பார்த்துக்கலாம், செக்சேஃப்னு பேரு. வேலை குடுக்கிறவன் பார்க்கிறான், பேங்க்குக்காரன் பார்க்கிறான், அவங்க வீட்டு சம்பந்திகூட பார்க்கலாம். நாங்க காலையில வேலைக்கு முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல, அந்த பாதுகாப்புப் பேச்சுல, தூங்கி வழிஞ்சா எங்க சைட் மேனேஜர் கத்துறதே "நம்ம பேரு லிஸ்ட்ல வரணுமாடா"ன்னுதான்.

அமெரிக்காவுல இருக்கிற எங்க அக்கா மகன் ஒரு ஆராய்ச்சியைப் பத்தி சொன்னான், பேப்பர்காரரா நீங்க இதைத்தான் முக்கியமா படிக்கணும். அங்க ஓஷான்னு தொழிலாளர் பாதுகாப்புத் துறை. எந்தக் கம்பெனியை எப்ப சோதனை போட்டாங்க, என்ன தப்பு, எவ்வளவு ஃபைன்னு பேரோட பொதுவுல போட்டுடுறாங்க. ஒரு அளவுக்கு மேல பெரிய ஃபைன் போட்டா அந்த ஊர் பத்திரிகைகளுக்கு செய்திக்குறிப்பு அனுப்புறது 2009 வாக்குல இருந்து வழக்கமா நடந்துச்சு. இதை வெச்சு 2020-ல ஒரு பொருளாதாரப் பத்திரிகையில கட்டுரை வந்துருக்கு. ஒரு கம்பெனி பேரு அப்படி வெளிய வந்துச்சுன்னா அந்த சுத்துவட்டாரத்துல அதே தொழில் செய்ற மத்த கம்பெனிங்க எல்லாம் சத்தமில்லாம தப்பை சரிபண்ணிக்கிறாங்க. அந்த ஒரே ஒரு செய்திக்குறிப்பு செஞ்ச வேலையை செய்யணும்னா 210 இன்ஸ்பெக்ஷன் கூடுதலா போகணுமாம்! நம்ம ஊர்ல இன்ஸ்பெக்டர் பத்தலைன்னு எப்பவும் புலம்புறோம், 210 இன்ஸ்பெக்ஷன் வேலையை ஒரு கால் பக்க நியூஸ் செய்யும்னா அதை ஏன் செய்யக் கூடாது? அதுவும் நம்ம செட்டிநாட்டுல, பேருக்கு உயிரை விடுற ஊருல, கோயில் கல்வெட்டுல அப்பச்சி பேரு ஒரு எழுத்து தப்பா வந்தாலே பஞ்சாயத்து நடக்குற ஊருல!

நஷ்டஈடு பத்தியும் கொஞ்சம். விரல் போச்சுன்னா என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரி செலவு ஓனரு பார்த்துக்குவாரு, கையில இருபதாயிரம் முப்பதாயிரம் குடுப்பாரு, "இனிமே எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு பத்திரத்துல கையெழுத்து வாங்கிக்குவாரு. அந்தப் பையனும் "அண்ணே நல்ல மனுஷன்ணே, ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தாரு"ம்பான். சட்டத்துல ஒவ்வொரு விரலுக்கும் சதவீதம் எழுதி வெச்சிருக்கு. கட்டை விரல் 30, ஆள்காட்டி விரல் முழுசா போனா 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. மாசம் பதினஞ்சாயிரமோ அதுக்கு மேலயோ சம்பளம் வாங்குற 30 வயசுப் பையனுக்கு ஆள்காட்டி விரல் போச்சுன்னு வெச்சுக்குங்க. சம்பளக் கணக்கு 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, அதுல 60 சதவீதம் 9,000, அதை சட்ட அட்டவணையில 30 வயசுக்கு உண்டான 207.98-ஆல பெருக்கணும், அதுல 14 சதவீதம். போட்டுப் பாருங்க, ரெண்டு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் வருது. இது ஓனரு மனசு வெச்சு குடுக்கிற காசு இல்ல, குடுத்தே ஆகவேண்டியது. உரிமையே வேணாம்னு எழுதிக் குடுத்த பத்திரம் செல்லவும் செல்லாது. ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீடு, பிடிச்சிருந்தா அது தனி வழி, அங்க ஈஎஸ்ஐதான் குடுக்கும், ஆனா ரிஜிஸ்டர்லயே இல்லாத பையனுக்கு ஈஎஸ்ஐ எங்க இருந்து வரும். இந்தக் கணக்கை மட்டும் ஒரு நாள் உங்க பேப்பர்ல கட்டம் கட்டிப் போட்டீங்கன்னா எத்தனை பேரு வெட்டி எடுத்து பர்ஸ்ல வெச்சுக்குவாங்க தெரியுமா. வடநாட்டுப் பசங்களுக்கு இந்தியிலயும் நாலு வரி போடலாம், பேப்பர்காரங்களுக்கு அது வழக்கமில்லைன்னு தெரியும், சும்மா சொல்லிவெச்சேன்.

சட்டம் போடுறதுல நம்ம தமிழ்நாடு ஒண்ணும் சளைச்ச ஊர் இல்ல. கடையில நிக்கிற பிள்ளைங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு 2021-லயே சட்டம் திருத்துனாங்க. 12 மணி நேர வேலைக்கு வழிவிடுற மசோதாவை 2023 ஏப்ரல்ல நிறைவேத்தி, எதிர்ப்பு வந்ததும் மே தினத்தன்னைக்கு வாபஸ்னு சொன்னதும் இதே ஊர்தான், அந்த எதிர்ப்பு பெரிசானதுக்கு பத்திரிகைங்க எழுதுனதும் ஒரு காரணம். ஆனா இருக்கை சட்டத்துக்கு எந்தக் கடைக்கு எவ்வளவு ஃபைன் போட்டாங்கன்னு ஒரு வரி படிச்சிருக்கீங்களா? காரைக்குடி இப்ப மாநகராட்சி, ஜவுளிக்கடைங்க மூணு மாடி நாலு மாடின்னு வந்துருச்சு, தீபாவளி நேரத்துல ஒரு நாள் உள்ள போயி பாருங்க, அந்தப் பிள்ளைங்க எதுல உக்காருதுன்னு.

நான் கேட்கிறது பெரிய விஷயம் இல்லைங்க. ஆக்ஸிடென்ட் நியூஸ் போடுறீங்கல்ல, ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதி வெச்சுக்குங்க. ஆறு மாசம் கழிச்சு உங்க நிருபர் ஒரு தடவை கேட்கட்டும். கோர்ட்டுல கேஸ் நம்பர் இருந்தா இப்ப நெட்டுலயே எந்த நிலைமையில இருக்குன்னு பார்க்கலாம். ஆபீஸ்ல சொல்ல மாட்டேன்னாங்கன்னா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி மனு போட்டா 30 நாளுக்குள்ள பதில் குடுத்தாகணும். அதே சட்டத்துல 4-வது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு ஆபீஸ் தானா தகவல் வெளியிடணும்னு இருக்கு, அப்ப சிவகங்கை மாவட்டத்துல, புதுக்கோட்டை மாவட்டத்துல இந்த மாசம் எத்தனை இடத்துக்கு இன்ஸ்பெக்ஷன் போனோம், யாருக்கு என்ன ஃபைன்னு அவங்களே ஒரு பட்டியல் போடச் சொல்லி எழுதுங்களேன். மந்திரி வந்தா கேள்வி கேட்கிற இடத்துல உங்க நிருபர்தான் மைக்கை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, நாங்க நிக்க முடியாது.

முடிவாகாத கேஸ்ல ஓனர் பேரைப் போட்டு நாறடிக்கச் சொல்லல. ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளா ஓடுற ஓனருங்களையும் எனக்குத் தெரியும், ஆள்காட்டி விரல் கணக்கை நான் சொன்னதும் "அப்படியா, எனக்கு ஆடிட்டர் சொல்லவே இல்லையேப்பா"ன்னு மிச்சப் பணத்தை எடுத்துக் குடுத்தவரும் ஒருத்தர் இருக்காரு. கோர்ட்டு தீர்ப்பு சொல்லிருச்சு, அபராதம் கட்டியாச்சு, அப்ப பேரைப் போடுறதுல என்ன தயக்கம்? மானநஷ்ட வழக்கு வராது, தீர்ப்பு பொது ஆவணம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கால் பக்க வாழ்த்து விளம்பரம் வராதுன்னு பயம்னா அது எனக்குப் புரியுது, அதுக்கு பதில் என்கிட்ட இல்ல, நீங்கதான் முடிவு பண்ணணும்.

என் பேரை மட்டும் போட்டுடாதீங்க, எனக்கு அடுத்த மாசம் ஒரு மில்லுல கூரை வேலை இருக்கு. அவங்க பேரைப் போடச் சொல்லிட்டு இவன் ஒளிஞ்சுக்கிறான்னு யாராவது சிரிச்சா, பழைய ஃபேக்டரிஸ் ஆக்ட் 118ஏ பிரிவை எடுத்துக் காட்டுங்க. புகார் குடுத்தவன் யாருன்னு இன்ஸ்பெக்டர் வெளிய சொல்லக் கூடாது, புகார் வந்துதான் சோதனைக்கு வந்துருக்கோம்னுகூட ஓனர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. அந்தப் பிரிவைப் பத்தி எங்க கொத்தனாருங்ககிட்ட சொன்னப்ப ஒருத்தரும் நம்பல, புதுச் சட்டத்துல அது எப்படி இருக்குன்னு விசாரிச்சு அதையும் சேர்த்து போட்டீங்கன்னா நாலு பேரு தைரியமா மனு எழுதுவாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர், பெயர் வெளியிட வேண்டாம்,
காரைக்குடி.